ஞானஸ்நானத்துக்கென்று ஊறப்போட்ட ரை

டாக்டரின் பனிவண்டி ஏரியைத் தாண்டி மறைவதற்குள் விஹ்தோரி தானியக் கொட்டிலின் பூட்டைத் திறந்துவிட்டார். மாலையில் பால் கறக்கப் போன நான் பார்த்தேன். மாட்டுக்கொட்டகைத் தண்ணீர்த் தொட்டியில் இரண்டு சாக்குகள் மூழ்கிக் கிடந்தன. பெரியதில் பார்லி, சின்னதில் ரை, எங்கள் கறுப்பு ரொட்டிக்கான தானியம். மிதக்காமலிருக்க மேலே ஒரு கல்.

எங்கள் ஹாமே வட்டாரத்தில் அந்தச் சாக்குகளைப் பார்த்த பிறகு யாரும் எதுவும் விளக்க வேண்டியதில்லை. தானியம் முளைவிட வேண்டும், உலர வேண்டும், பிறகு காய்ச்சி வடித்து நுரைக்க விட வேண்டும். அதற்குப் பிறகுதான் சஹ்தி, எங்கள் வீட்டு ரை பீர். வீட்டில் ஒருவர் போன பிறகு ஆரம்பித்தால் அடக்கத்துக்குள் அது தயாராகாது. சஹ்தி இல்லாமல் பிணம் எடுத்த வீட்டைப் பற்றி மூன்று தலைமுறை பேசுவார்கள். அதனால் டாக்டர் உதட்டைப் பிதுக்கியதுமே ஊறப் போட்டுவிடுவது வழக்கம். கொடுமை என்று யாருக்கும் தோன்றியதில்லை. நோயாளியின் காதில் விழும்படி சொல்லக் கூடாது, மரியாதை அவ்வளவுதான்.

போகப் போகிறவன் தானேலி. என் கணவன், விஹ்தோரியின் தம்பி. முப்பத்திரண்டு வயது, காசநோய். இரண்டு வாரம், மிஞ்சினால் மூன்று என்று டாக்டர் அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனார். என்னிடம் சொல்லவில்லை. நான் அப்போது நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தேன். பனி உருக ஆரம்பிக்கும்போது பிறக்கும் என்று கணக்கு.

தானேலிக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். "அதோட மூஞ்சியப் பாத்துட்டுப் போயிடறேன் இம்பி. அதுக்கப்புறம் ஒரு நாள்கூட யாருகிட்டயும் கேக்க மாட்டேன்" என்றான்.

முற்றத்துக்கு அப்பாலிருந்த சௌனாவின், எங்கள் நீராவிக் குளியல் கொட்டகையின், முன்னறையில் அவனைப் படுக்க வைத்திருந்தோம். வீட்டுக்குள் விஹ்தோரியின் குழந்தைகள் இருந்தார்கள், இருமலை உள்ளே விடச் சைமிக்கு விருப்பமில்லை. விஹ்தோரியின் மனைவி அவள். ஆனால் சௌனாவில் படுத்தது தானேலிக்கு நல்லதாகத்தான் போயிற்று. தினம் கணப்பு எரிந்தது, சுவர் சூடாக இருந்தது, இருமல் அடங்கித் தூங்கினான்.

மூன்றாம் நாள் விஹ்தோரி வந்து கதவருகே நின்றார்.

"தம்பி, கொஞ்ச நாளைக்கு அந்தக் கோடி ரூமுக்கு வந்துடு. சௌனா வேணும்."

"எதுக்குண்ணே?"

"தானியம் முளை விடணும். அப்புறம் உலத்தணும்."

"என்ன தானியம் இப்ப?"

விஹ்தோரி சட்டென்று என் வயிற்றைப் பார்த்தார். "பிள்ளை ஞானஸ்நானத்துக்குத்தான். முன்னாடியே பண்ணி வெச்சுட்டா நல்லதுதானே?"

தானேலி கூரையைப் பார்த்துக்கொண்டு சிரித்தான். "நல்லதுதான். பெரியப்பான்னா இப்படில்ல இருக்கணும்."

ஒரு பழைய கதவுப் பலகையில் அவனைக் கிடத்தி விஹ்தோரியும் பண்ணையாளும் முற்றத்துப் பனியில் தூக்கிப் போனார்கள். அவன் படுத்திருந்த பலகையைத் துடைத்து அதன் மேலேயே ஈரத் தானியத்தை விரித்தார்கள். கோடி அறை கோடைக்கால விருந்தாளிகளுக்கானது. சுவரின் உட்புறம் வெண்பனி பூத்திருந்தது. அங்கிருந்த அடுப்பு மணிக்கொரு தரம் விறகு கேட்டது, போடாவிட்டால் அணைந்தது. விறகு சுமப்பது என் வேலையாயிற்று.

"என்னைவிட அந்தத் தானியத்துக்கு அண்ணன் நல்லாச் சூடு வெப்பாரு பாரு. முளைக்கு யோகம்" என்றான் தானேலி. அன்று மாலை முதன்முறையாக ரத்தம் துப்பினான்.

தானியம் முளைத்து, உலர்ந்து, புகை வாசத்தோடு தயாரானபோது விஹ்தோரிக்கு ஒரு சங்கடம் வந்தது. அவருக்கு உழவு தெரியும், மாடு தெரியும், சஹ்தி வராது. இரண்டு முறை முயன்று இரண்டு முறையும் பன்றிகளுக்குக் கொட்டியிருக்கிறார். கல்யாணமோ சாவோ, அந்த வட்டாரத்தில் பத்து வருடமாகக் காய்ச்சியது தானேலி. ஆகவே சாகிறவனிடமே வந்து கேட்க வேண்டியிருந்தது.

இரண்டு உள்ளங்கையிலும் தானியத்தோடு வந்தார். கட்டிலோரம் உட்காரவில்லை.

"எவ்வளவு ரை போடணும்டா?"

தானேலி எழுந்து உட்காரக் கை கேட்டான். முதுகுக்குத் தலையணை வைத்தேன். ஒரு பார்லியை எடுத்து முன்பல்லால் கடித்தான், மென்றான், கிண்ணத்தில் துப்பினான். பிறகு ரை.

"ரைய அதிகமா வறுத்துட்டே. பரவால்ல, நிறம் வரும். இது எந்த வயல்?"

"ஆத்தோரத்து வயல்."

"வேண்டாம். காட்ட எரிச்சு விதைச்சோமே, அந்த ரை மச்சுல ஒரு மூட்டை கிடக்கு. அதை முளை கட்டு."

"மறுபடியும் முதல்ல இருந்தா?" விஹ்தோரியின் குரல் ஏறியது. "அதெல்லாம் முடியாது. இருக்கறத வெச்சுச் சொல்லு."

"சரி. நாலுல ஒரு பங்கு ரை போடு."

"நாலுல ஒண்ணா? களி மாதிரி ஆயிடும்டா. தொட்டி அடைச்சுக்கும். சொட்டுச் சொட்டா வடிய ரெண்டு நாளாகும்."

"ஆகட்டுமே. தொட்டி அடியில ரை வைக்கோலப் போடு, அது மேல ஜூனிபர் கிளை. பாறைப் பக்கம் முளைச்சது, காய் இல்லாததா ஒடிச்சுக்கோ. காய் இருந்தா தொண்டையில கசக்கும். அவசரப்படாம வடிய விடு. ரை நிறைய இருந்தாத்தான் சஹ்தி வாயில நிக்கும், இல்லன்னா வெறும் சக்கரைத் தண்ணி."

விஹ்தோரி தலையை ஆட்டினார். ஆட்டியது சம்மதத்துக்கா, மறுப்புக்கா என்று தெரியவில்லை. "ஈஸ்ட்? கடையில பாக்கெட் வாங்கிட்டு வந்துட்டேன்."

"கடை ஈஸ்ட் வேண்டாண்ணே."

"ஏன்? போன அறுவடைக்கு நீயே அதத்தானே போட்டே?"

"அறுவடைக்கு ஊரே ரெண்டு நாள்ல குடிச்சுத் தீத்துடும். கடை ஈஸ்ட் ராவோட ராவாப் பொங்கும், ஒரு வாரத்துல குடிக்கலாம், அதுக்கு அடுத்த வாரம் காடி. இது ஞானஸ்நானத்துக்குன்னு சொன்னே. பிள்ளை பொறக்கணும், அப்புறம் பாதிரியார் வர நாள் பாக்கணும். அதுவரைக்கும் தாங்க வேண்டாமா? அகுஸ்தி வீட்டு ஈஸ்ட் வாங்கு. குளிர்ல தூங்கித் தூங்கி வேலை செய்யும். முழுசா ஒரு மாசம் ஆகும், ஆனா கோடை வரைக்கும் கெடாது."

சொல்லிவிட்டு அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

விஹ்தோரி எங்கே மாட்டிக்கொண்டார் என்று எனக்குப் புரிந்தது. எதற்கு அவசரம் என்று வாயைத் திறந்து சொல்ல முடியாது. தம்பி நாள் கேட்கிறான் என்பது அவருக்கும் புரிந்துவிட்டது, காது சிவந்தது.

"ஒரு மாசமா?" என்றார்.

"ஞானஸ்நானத்துக்குத்தானேண்ணே?"

"ம்."

"அப்ப சரியா இருக்கும்."

கையிலிருந்த தானியத்தைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு விஹ்தோரி வெளியே போனார். தானேலி வெகுநேரம் மூச்சு வாங்கினான். ஆனால் அன்றைக்குக் கஞ்சி முழுவதையும் குடித்தான். இரண்டாவது கிண்ணமும் கேட்டான்.

மறுநாள் மூடி போட்ட மரச்செம்போடு பனி உறைந்த ஏரியைக் கடந்து அகுஸ்தி வீட்டுக்குப் போனேன். அகுஸ்தி பெண்டாட்டி இல்லாதவர், மூக்கு நுனியில் எப்போதும் ஒரு துளி தொங்கும். கிணற்றுக்குள் கயிற்றில் இறக்கி வைத்திருந்த ஜாடியை மேலே இழுத்தபடி கேட்டார்.

"யாருக்கும்மா?"

"பிள்ளை ஞானஸ்நானத்துக்கு."

என் வயிற்றைப் பார்த்தார், பிறகு என் முகத்தை. "பொறக்கவே இல்ல, அதுக்குள்ள ஞானஸ்நானமா? சரி சரி. பேர் என்னவோ வெச்சுக்கங்க. எனக்குச் சொல்லி அனுப்புனாப் போதும். கறுப்புக் கோட்டு பூச்சி அரிக்காம இருக்கான்னு பாத்து வெக்கறேன்." செம்பில் பழுப்புநிறக் குழம்பை ஊற்றினார். "தானேலிகிட்ட சொல்லு. அவன் அளவுக்கு இனிமே யாரும் காய்ச்சப் போறதில்ல. அதுதான் வருத்தம்."

திரும்பும்போது செம்பைக் கோட்டுக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டேன், உறைந்துவிடக் கூடாதே என்று. வீட்டுக்கு வந்ததும் அடுக்களையில் சைமியிடம் கொடுத்தேன். காய்ச்சும் நாள் வரை நிலவறையில் வைப்பதாகச் சொன்னாள்.

காய்ச்சிய அன்று நான் போகாமலிருக்க முடியவில்லை. விஹ்தோரி அடியில் வைக்கோல் போட்டிருந்தார், ஜூனிபர் கிளையும் போட்டிருந்தார். ரை மட்டும் நாலில் ஒன்று இல்லை, பேருக்கு ஒரு படி. வடிநீர் கடகடவென்று ஓடி வந்தது. இளஞ்சூட்டுக்கு ஆறியதும், கடைப் பாக்கெட்டின் காகிதத்தைப் பிரித்து ஈஸ்டை விரல்களால் பொடித்துத் தூவினார்.

"அகுஸ்தி வீட்டு ஈஸ்ட்?" என்றேன்.

சைமி கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "அத ரொட்டி மாவுல போட்டுட்டேன் இம்பி. காலையில நீ தின்னது அதுதான். நல்லாத்தானே இருந்துது?"

"அவன் சொன்னது…"

"அவன் சொல்வான்" என்றார் விஹ்தோரி. முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தார். "ஒரு மாசம் நுரைக்கற ஈஸ்ட் கேக்கறான். எனக்கு வயசு நாப்பத்தஞ்சு, முட்டாள் இல்ல. அவனுக்கு நாள் குடுக்கறது ஆண்டவன் வேலை. அத என் பார்லிகிட்டக் கேக்கக் கூடாது."

தானேலியிடம் நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு குவளை நுரை கொண்டுவரச் சொன்னான். மூக்கருகே வைத்தான், உடனே தள்ளினான்.

"கடை ஈஸ்ட்" என்றான். சற்றுப் பொறுத்து, "அவ்வளவு அவசரமாண்ணே உனக்கு?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டான். சுவருக்கு அப்பால் அண்ணனின் வீடு.

சஹ்தி தயாரானது. தானேலி சாகவில்லை.

அதற்குப் பிறகு விஹ்தோரி தினமும் காலையில் கோடி அறைக்கு வந்து எட்டிப் பார்த்தார். "எப்படிடா இருக்கே?" என்பார். "இருக்கேண்ணே" என்பான் தானேலி. நேராக நிலவறைக்குப் போய் பீப்பாயிலிருந்து ஒரு மிடறு எடுத்துச் சுவைப்பார். இரண்டையும் பார்த்துவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கொட்டகைக்குப் போவார். காய்ச்சிப் பத்து நாள் கழிந்தபோது வாசலில் நின்று சைமி உரக்கவே சொன்னாள்: "இன்னும் நாலு நாள்ல காடிதான். அவ்வளவு பார்லியும் வீண்." கோடி அறையின் ஜன்னல் ஒற்றைக் கண்ணாடி, சத்தத்தைத் தடுக்காது.

சனிக்கிழமை பால் வண்டிக்காரனிடம் விஹ்தோரி ஊருக்குச் சொல்லி அனுப்பினார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்கள் வீட்டில் சஹ்தி, எல்லோரும் வர வேண்டும். அவ்வளவே சொன்னார். பொய் எதுவும் அவர் சொல்லவில்லை என்பதை நான் இங்கே எழுதியாக வேண்டும். ஊர் தானாகவே புரிந்துகொண்டது.

கறுப்புக் கோட்டிலும் கறுப்புத் துண்டிலும் வந்தார்கள். வெட்டி வந்த ஊசியிலைக் கிளைகளை அகுஸ்தி கேட்டிலிருந்து வாசற்படி வரைக்கும் பனியில் தூவிக்கொண்டே வந்தார், சவப்பெட்டி போகும் வழிக்குத் தூவுவது போல. தேவாலயத்தில் பாட்டு நடத்தும் ஹெர்மன்னி, பாட்டுப் புத்தகத்தில் விரலைச் சொருகியபடி வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, "தைரியமா இரும்மா. எப்ப ஆச்சு?" என்றார்.

"இன்னும் ஆகலை" என்றேன்.

கோடி அறையிலிருந்து இருமல் கேட்டது. எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

யாராவது ஒருவர் திரும்பிப் போயிருந்தால் எல்லோரும் போயிருப்பார்கள். அகுஸ்தி மூக்கைத் துடைத்துக்கொண்டார். "வந்தது வந்தாச்சு. சஹ்தி யாருக்காகவும் காத்திருக்காதுல்ல?" என்று பனியை உதறிவிட்டு உள்ளே போனார். மற்றவர்கள் பின்னால் போனார்கள்.

தன்னையும் கூடத்துக்குத் தூக்கி வரச் சொல்லித் தானேலி ஆள் விட்டான். குழந்தைகளை மாடிக்கு அனுப்பிவிட்டுச் சைமி சம்மதித்தாள். மேசையின் தலைமாட்டில் உட்கார வைத்தார்கள். இறந்தவருக்கென்று காலியாக விடும் இடம் அது. இரண்டு கைப்பிடி வைத்த மரக்குவளையில் முதல் சஹ்தியை விஹ்தோரி அங்கேதான் வைத்தார், கைப் பழக்கம்.

தானேலி குடித்தான். கூடம் முழுவதும் அவன் தொண்டையைப் பார்த்தது.

"ரை பத்தல" என்றான். "கடை ஈஸ்ட். இன்னிக்கு விட்டா நாளைக்குக் காடி. சரியான நாளாப் பாத்துத்தான் அண்ணன் கூப்பிட்டிருக்காரு. குடிங்க."

சிரித்தார்கள். அப்பாடா என்று சிரித்தார்கள்.

"என்ன பாட்டுக் கொண்டு வந்தீங்க வாத்தியாரே?"

ஹெர்மன்னி நெளிந்தார். "அது… பயிற்சி பண்ணிட்டு வந்துட்டேன். வேண்டாம்னா விடு."

"பாடுங்க. நான் போனதுக்கப்புறம் நீங்க நல்லாப் பாடினீங்களான்னு எனக்கு யாரு வந்து சொல்லப் போறா?"

பாடினார். பெண்கள் அழுதார்கள். அழுது முடித்ததும் பசி வந்தது. உப்பு மீன் தட்டு இரண்டாம் முறை சுற்றி வந்தபோது ஆண்களின் முகம் சிவந்திருந்தது.

"உனக்கு வெட்கமா இல்லையாடா?" என்று அகுஸ்தி மேசையைத் தட்டினார். "இத்தனை பேரக் கறுப்பு உடுத்த வெச்சுட்டு, குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கியே!"

தானேலியும் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, குவளைக்குள் ரத்தம் விழுந்தது. அதற்குப் பிறகு அந்தக் குவளையை யாரும் தொடவில்லை. சைமி இடுக்கியால் எடுத்து அடுப்பில் போட்டாள்.

"இவங்கூடப் படுத்தவளுக்குப் பொறக்கப் போறது மட்டும் தப்பிக்குமா என்ன?" என்று யாரோ கேட்டார்கள். யாரென்று தெரியாத மாதிரி எழுதுகிறேன், தெரியும். "விஹ்தோரி, மிச்சப் பார்லிய இப்பவே ஊறப் போட்டுடு. ரெட்டை வேலை மிச்சம்."

கூடம் அதிர்ந்தது. விஹ்தோரியும் சிரித்தார். தானேலி சிரிக்கவில்லை.

"அண்ணே" என்றான். சத்தம் அடங்கும்வரை பொறுத்திருந்தான். "சஹ்தி ஆச்சு. இனி என்னைச் சௌனாவுலயே விட்டுடு. அங்க சூடு இருக்கும். பிள்ளை வர இன்னும் கொஞ்ச நாள்தான்."

"சௌனா பிள்ளைப்பேறுக்கு வேணும்டா" என்றார் விஹ்தோரி. "கழுவி, புகை போட்டு வெச்சாச்சு. உன்ன அங்க போட்டா மறுபடியும் கழுவணும்."

எல்லோரும் ஆமாம் என்றார்கள். அது நியாயம்தான் என்று எல்லோருக்கும் தோன்றியது. பீப்பாய் காலியானதும் தானேலியைக் கோடி அறைக்குத் தூக்கிப் போனார்கள்.

அந்த விருந்துக்குப் பிறகு அந்த வீட்டில் அவனிடம் யாருக்கும் வேலையிருக்கவில்லை. விஹ்தோரி காலையில் வந்து எட்டிப் பார்ப்பதும் நின்றது. நான் விறகு சுமந்தேன். கடைசி நாட்களில் ஒரு கட்டைக்குமேல் தூக்க முடியவில்லை. ஒவ்வொன்றாகச் சுமந்தேன். அவன் நாக்கு வறண்டுபோய்க் கேட்பான்: "உதைக்குதா?" கையை எடுத்து வயிற்றில் வைப்பேன். "இதுவும் என்னை மாதிரி அவசரப்படல. நல்லது" என்பான். அந்தக் குளிரில், மூன்று வாரம் என்று டாக்டர் சொன்ன கெடுவைத் தாண்டி அவன் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது எதனால் என்று எனக்குத் தெரியும்.

கூரையிலிருந்து பனி சொட்ட ஆரம்பித்த அன்று எனக்கு வலி எடுத்தது. சௌனாவில் கணப்பு மூட்டினார்கள். முற்றத்தைக் கடக்குமுன் கோடி அறை அடுப்பில் வாய்வரை விறகை அடைத்துவிட்டுப் போனேன்.

வலி ஒன்றரை நாள் நீடித்தது. பிரசவம் பார்த்தது சைமிதான். கை பழகியவள், என்னைக் காப்பாற்றியவளும் அவளே. வலி விடும் போதெல்லாம் கேட்டேன்.

"அடுப்பு எரியுதா அக்கா? அவன் ரூம்ல?"

"எரியுது, எரியுது. நீ முக்கு."

மறுபடியும் கேட்டேன். "போட்டாச்சு இம்பி. எத்தனை தடவ சொல்றது?"

பெண் குழந்தை. நல்ல தொண்டை. முற்றம் தாண்டிக் கேட்டிருக்கும்.

"அவன்கிட்ட எடுத்துட்டுப் போய்க் காட்டுங்கக்கா."

"இந்த ஈரத்தோடயா? அந்த நோய்க்குள்ளயா? காலையில பாத்துக்கலாம்."

விடிந்ததும் நானே எழுந்தேன். குழந்தையைச் சால்வையில் சுற்றிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து முற்றத்தைக் கடந்தேன். கோடி அறையில் மூச்சு வெள்ளையாக வந்தது, என் மூச்சும் குழந்தையின் மூச்சும். அடுப்புக்குள் கையை விட்டேன். சாம்பல் குளிர்ந்திருந்தது. நான் அடைத்த விறகுக்குப் பிறகு அதில் எதுவும் விழவில்லை.

தானேலி கதவைப் பார்த்து ஒருக்களித்துக் கிடந்தான். கண்கள் திறந்திருந்தன. ஒரு கால் போர்வைக்கு வெளியே, தரையில் ஊன்றியிருந்தது. எழுந்து வரப் பார்த்திருக்கிறான். அழுகுரல் கேட்டுத்தான் எழுந்தானா, அதற்கு முன்பேயா என்று சொல்ல அங்கே யாரும் இருக்கவில்லை.

சால்வையை விலக்கிக் குழந்தையின் முகத்தை அவன் பக்கம் திருப்பினேன். குளிர் பட்டதும் அது வீறிட்டது.

சைமி வாசலில் வந்து நின்றாள். "என்னடி பண்றே? பச்சைப் பிள்ளைய வெச்சுக்கிட்டு இந்தக் குளிர்ல! உள்ள வா." பிறகுதான் கட்டிலைப் பார்த்தாள். "ஓ" என்றாள்.

அடக்கத்துக்குக் காபிதான். காபியும் இனிப்பு ரொட்டியும். அதே ஆட்கள், அதே கறுப்பு. ஹெர்மன்னி அதே பாட்டைப் பாடினார், தொண்டை கட்டியிருந்தது. கூடத்தில் கோப்பைகளை வைத்தபடி விஹ்தோரி ஒவ்வொருவரிடமும் போய்த் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டார், நம் வீட்டில் சஹ்தி இல்லாமல் அடக்கம் நடந்ததே இல்லை என்று.

"என்ன பண்றது?" என்றார். "சொன்ன நேரத்துக்கு அவன் போகல."

புரிந்துகொண்டு எல்லோரும் தலையசைத்தார்கள். அகுஸ்தி இன்னும் கொஞ்சம் சர்க்கரை கேட்டார்.